கெந்திங் கசினோவும் எங்கள் ஊர் நம்பர் கடையும்: ஒரு தராசுக் கிராணியின் கணக்கு

வேன் ஆளுக்கு 55 வெள்ளி, ரிங்கிட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். காலை ஆறு மணிக்கு பஜாரில், நாலு இலக்க லாட்டரி விற்கிற நம்பர் கடை வாசலில் ஏற வேண்டும், மாலை நாலு மணிக்கு கெந்திங் மலையிலிருந்து கிளம்பிவிடும் என்று சொன்னார்கள். ஆறு மணிக்கு ஏறியது மட்டும்தான் சொன்னபடி நடந்தது. வேனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை. ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் செம்பனை, பாமாயில் தருகிற மரம். நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டதே இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில், 1917ல். நான் 29 வருஷம் ஒரு எண்ணெய் ஆலையில் தராசுக் கிராணியாக இருந்தேன். குலை ஏற்றிய லாரி வந்தால் நிறுக்க வேண்டும், இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் லாரியை நிறுக்க வேண்டும், வித்தியாசத்தை எழுத வேண்டும். காய்க் குலை இருந்தாலோ காம்பு நீளமாக இருந்தாலோ போத்தோங், அதாவது எடையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது. ஆலை வாசலில் நடக்கிற சண்டையெல்லாம் குலைக்காக அல்ல, எத்தனை சதவீதம் போத்தோங் என்பதற்காகத்தான். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கசினோவையும் பார்த்தேன். அலங்கார விளக்கு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போத்தோங் பற்றி எழுதுகிறேன்.

கூட்டிப் போனது அண்ணி. வருஷத்துக்கு மூன்று தடவையாவது மலை ஏறுகிறவர். "வேலையிலதான் கணக்கு பார்த்த, ரிடையர் ஆன பிறகும் என்ன கணக்கு? வா, ஒரு நாள் குளிர்ல உட்கார்ந்துட்டு வரலாம்" என்றார். இருநூறு வெள்ளியை ஒரு கவரில் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் சூதுக்கு ஒரு காசு கிடையாது என்று வங்கி அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான யோசனை அதுதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் பதினோரு பேர். எட்டுப் பேர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். பத்துமலையைக் கடக்கும்போது வேனே கையெடுத்துக் கும்பிட்டது. எதிர்வீட்டு அக்கா கண்ணை மூடி உதட்டை அசைத்ததைப் பார்த்தால் முருகனிடம் நாலு இலக்கம் கேட்ட மாதிரித்தான் இருந்தது. கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலை ஏறியதும் காது அடைக்க ஆரம்பித்தது.

அவானா நிலையத்தில் இறங்கிக் கேபிள் கார் எடுத்தோம். 2016 கடைசியில் திறந்த புதுப் பாதை இது. பத்து நிமிஷம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கே போய் வரலாம். கீழே காடு. கொஞ்ச நேரத்தில் காடும் இல்லை, கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. மேகத்துக்குள் போய்விட்டோம் என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. வேனில் வாய் ஓயாமல் பேசிய அக்காமார் எல்லாரும் அங்கே கப்சிப்.

இந்த மலையில் ஆறாயிரம் அடி உயரத்தில் ஊர் கட்டலாம் என்று நினைத்தவர் லிம் கோ தோங். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து 1937ல் பத்தொன்பது வயதில் மலாயா வந்து, குத்தகைக்காரராக வளர்ந்தவர். 1964ல் கேமரன் மலையில் மின் நிலைய வேலை செய்துகொண்டிருந்தபோது, அந்தக் குளிரில்தான் யோசனை வந்ததாம். கேமரன் கோலாலம்பூரிலிருந்து தூரம், பக்கத்திலேயே இப்படி ஒரு குளிர் மலை இருந்தால் என்ன என்று. 1965ல் ரோடு வெட்ட ஆரம்பித்தார். மேலே போய்ச் சேர நாலு வருஷம் ஆனது. 1969ல் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார், கசினோ உரிமமும் அந்த வருஷம் கிடைத்தது, 1971ல் முதல் ஹோட்டல் திறந்தது. இன்றைக்கும் மலேசியாவில் சட்டப்படி நடக்கிற கசினோ இந்த ஒரு மலையில்தான்.

எங்கள் அப்பா எழுபதுகளில் ஒரு தடவை போயிருக்கிறார். கழுத்தில் டை வேண்டும், இல்லையென்றால் நீளக்கை பாத்தேக் சட்டை வேண்டும் என்பது அப்போது சட்டம். ரப்பர்ப் பால் மங்கு கழுவுகிற கைக்கு டை எங்கே கட்டத் தெரியும்? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் பாத்தேக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சட்டை மட்டும் பத்திரமாக இருந்தது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கெடுபிடி இல்லை.

வாசலில் காவலாளி என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்தார், உள்ளே விட்டார். 21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. இந்த இரண்டும்தான் முக்கியம். உள்ளே போகக் காசு கிடையாது. சிங்கப்பூரில் 2010ல் இரண்டு கசினோ திறந்தார்கள். அதில் ஒன்று இதே கெந்திங் குழுமத்துடையது. அங்கே வெளியூர்க்காரருக்கு இலவசம், சொந்த ஊர்க்காரர் நுழைந்தாலே ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். கட்டணம் வைத்தால் வாசலிலேயே நாலு பேராவது யோசிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கம் அந்த யோசனை அவரவர் பொறுப்பு.

உள்ளே நான் முதலில் தேடியது கடிகாரம். தராசறையில் நாள் முழுக்க மணி பார்த்தே பழகிய கண். ஒன்று கூடத் தென்படவில்லை. ஜன்னலும் இல்லை. தரையில் பாதம் புதைகிற கம்பளம். தலைக்கு மேல் விளக்குகள் பழுத்த குலை மாதிரித் தொங்குகின்றன. ஓரத்தில் ஓசிக் கோப்பி, மைலோ. அண்ணி நேராக மைலோவுக்குப் போனார், "முதல்ல இதுல நம்ம காசைத் திருப்பி எடுத்துக்கணும்" என்று இரண்டு கப் குடித்தார். இதுதான் ஆடம்பரம் என்று சொல்கிறார்களே என்று சுற்றிப் பார்த்தேன். பாய்லர் பக்கத்தில் 29 வருஷம் வேர்த்தவளுக்கு அந்தக் குளிர் ஒன்றே போதுமான ஆடம்பரம்.

நான் அதிக நேரம் நின்றது பக்கரா என்கிற சீட்டாட்ட மேசை ஓரத்தில். அன்றைக்கு நான் பார்த்ததிலேயே நல்ல வேடிக்கை அதுதான், அதற்குக் காசும் கேட்கவில்லை. ஆட்டம் சுலபம். 'பிளேயர்', 'பேங்கர்' என்று இரண்டு பக்கம், எந்தப் பக்கத்துக் கூட்டு ஒன்பதுக்கு அருகில் வருகிறதோ அது ஜெயிக்கும். பத்தும் படச் சீட்டும் பூஜ்யம். எண்ணிக்கை பத்தோ அதற்கு மேலோ போனால் கடைசி இலக்கம் மட்டும் கணக்கு.

பச்சைக்கல் வளையல் போட்ட ஒரு சீனப் பாட்டி பிளேயர் பக்கம் கட்டியிருந்தார். கையில் ராஜாவும் அஞ்சும், ஆக மொத்தம் அஞ்சு. மூன்றாவது சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார் டீலர். நாமாக இருந்தால் பட்டென்று திருப்பிப் பார்ப்போம். பாட்டி திருப்பவில்லை. சீட்டின் குறுகிய ஓரத்தை இரண்டு கட்டைவிரலால் மெதுவாக, மெதுவாக, வாழையிலை நுனியை மடிப்பது போல வளைத்தார். இரண்டு புள்ளி தெரிந்தது. உடனே சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி நீள ஓரத்தை வளைத்தார். அங்கேயும் இரண்டே புள்ளி. மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அரைகுறை மலாயில் விளக்கினார். ஓரத்தில் இப்படி இரண்டு இரண்டு தெரிந்தால் அது நாலாக இருக்கும், இல்லை அஞ்சாக இருக்கும். நாலு என்றால் கூட்டு ஒன்பது, அதற்கு மேல் இல்லை. அஞ்சு என்றால் கூட்டு பத்து, அதாவது பூஜ்யம். இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் இருக்கிற ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைப் பாட்டி ஊத ஆரம்பித்தார். நிஜமாகவே வாயைக் குவித்து, சூடான கஞ்சியை ஊதுவது போல, ஃபூ, ஃபூ என்று. பக்கத்திலிருந்தவர்களும் ஊதினார்கள். டீலர் பெண் கைகளைக் கோத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள், நாளைக்கு நூறு தடவை பார்க்கிற காட்சிதானே அவளுக்கு. அச்சடித்த புள்ளி ஊதினால் பறக்குமா? பறக்காது. ஆனால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அஞ்சு. பாட்டி சீட்டைக் கசக்கி மேசை நடுவில் எறிந்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காசு வைத்தார்.

இந்த ஆட்டத்தின் போத்தோங் என்ன தெரியுமா? பேங்கர் பக்கம் கட்டினால், ஜெயிக்கும்போது பிடிக்கிற 5 சதவீதக் கழிவையும் சேர்த்து, நீண்ட கணக்கில் வெள்ளிக்கு ஒரு காசும் சொச்சமும். பிளேயர் பக்கம் ஒன்றேகால் காசு. நடுவில் 'டை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சமம் வந்தால் ஒன்றுக்கு எட்டு. அங்கே வெள்ளிக்குப் பதினாலு காசு போய்விடும். எட்டு மடங்கு என்று பெரிதாக எழுதியிருப்பதால் சின்னச் சின்னப் பந்தயக் காய்கள் அங்கே விழுந்துகொண்டே இருந்தன.

மேசைகளில் குறைந்தபட்சத் தொகை என் கவருக்கு ஒத்துவரவில்லை. திரையில் விளையாடுகிற ரூலெட்டில் 5 வெள்ளிக்கு இடம் கிடைத்தது. சக்கரத்தில் ஒன்று முதல் 36 வரை, கூடவே பச்சையில் ஒரே ஒரு பூஜ்யம், ஆக 37 குழி. ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கும் கட்டிய காசும் கையில் வரும், அதாவது 36. குழி 37, கொடுப்பது 36. அந்த ஒரு குழிதான் அவர்கள் போத்தோங், வெள்ளிக்கு 2 காசு 70. சிவப்பு, கறுப்பு என்று கட்டினாலும் அதேதான். அறுபது சுற்று சிவப்பிலேயே வைத்தேன், ஒன்றரை மணி நேரம். முந்நூறு வெள்ளிக்குப் பந்தயம் ஓடியிருக்கிறது, கணக்குப்படி எட்டு வெள்ளி போயிருக்க வேண்டும். எனக்கு நாற்பது போனது. ஒரு லாரியை நிறுத்துத் தோட்டத்து விளைச்சலைச் சொல்ல முடியாது, அது மாதிரி.

பக்கத்துத் திரையில் இருந்தவர் முன்னால் விழுந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். "ஆறு தடவை கறுப்பு, இப்போ சிவப்புதான்" என்று என்னிடம் சொன்னார். மறுபடியும் கறுப்பு. முந்தின லாரியின் எடை அடுத்த லாரிக்குத் தெரியவா போகிறது?

இனி எங்கள் ஊர் நம்பர் கடைக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நாலு இலக்கம், 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர். 'பிக்' என்கிற வகையில் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து நம்பருக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து நம்பருக்குத் தலா 60. பத்தாயிரம் நம்பரையும் ஒருத்தரே பத்தாயிரம் வெள்ளி கொடுத்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பரிசும் அவருக்கே. கூட்டினால் 6,400. வெள்ளிக்கு 36 காசு போத்தோங். மலையில் பார்க்கிற பளபளப்பு ஒன்றும் இல்லாமல், ஒரு மின்விசிறியும் கம்பிக் கவுன்டரும் மட்டும் வைத்துக்கொண்டு, ரூலெட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு பிடிக்கிறார்கள். ஆலையில் நான் 36 சதவீதம் போத்தோங் போட்டிருந்தால் சிறுதோட்டக்காரர்கள் என்னைத் தராசிலேயே ஏற்றி நிறுத்திருப்பார்கள்.

மதியம் வெளி பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி தாப்பாவ், அதாவது பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த புளிச்சாதம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எதிர்வீட்டு அக்கா, "கடையில மூணு வெள்ளிதானே போடுறோம்" என்றார். அண்ணி கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "அங்க புதன், சனி, ஞாயிறு. நம்பர் எடுத்துட்டு ரெண்டு நாள் கனவு காணலாம். இங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சுத்தி முடிச்சிடறான்" என்றார்.

அண்ணி கணக்குப் படிக்காதவர், ஆனால் விஷயம் அதுதான். மணிக்கு நாற்பது சுற்று, சுற்றுக்கு 5 வெள்ளி என்றால் 200 வெள்ளி ஓடுகிறது, அதில் போத்தோங் 5 வெள்ளி 40 காசு. அதையே 25 வெள்ளி வைத்து ஆடினால் மணிக்கு 27. நம்பர் கடையில் வாரம் மூன்று குலுக்கலுக்கும் பத்துப் பத்து வெள்ளி போடுகிறவருக்கு வாரம் முழுக்கப் போவது 10 வெள்ளி 80 காசு. நான் உட்கார்ந்த திரையில் இரண்டு மணி நேரம் ஆடினால் அதே காசு. பெரிய மேசை என்றால் அரை மணி நேரம் கூட ஆகாது. நம்பர் கடை ஒரே வெட்டாக வெட்டுகிறது, மலை மெல்லிசாகச் சீவிச் சீவி எடுக்கிறது. சீவுவது யாருக்கும் உறைக்காது.

பின்சீட்டில் வந்த தம்பிக்கும் உறைக்கவில்லை. ஆலைக்குக் குலை ஏற்றி வருகிற லாரியில் கூடவரும் பையன், எனக்கு முகம் தெரியும். மூன்று மணிக்குக் கேபிள் கார் நிலையப் படியில் உட்கார்ந்திருந்தான். "எவ்வளவு ஐயா போச்சு?" என்று கேட்டேன். தொள்ளாயிரம் என்றான். 2025லிருந்து நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மிச்சப் புளிச்சாதத்தைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அண்ணி ஜேக்பாட் மெஷினில் எவ்வளவு விட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஜெயித்த 120 பற்றி மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

சூதாடாதவர்களுக்கும் மேலே பொழுது போகும். 2022ல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா இருக்கிறது, பெரிய கலைஞர்கள் வந்து பாடுகிற அரங்கம் இருக்கிறது. கலர் கலராக நிற்கிற ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் 7,351 அறை, அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது என்று 2015ல் கின்னஸ் சொன்னது. இதெல்லாம் பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை கேட்டேன், பெயர் வேண்டாம். ஆறிப்போய் வந்தது, சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டியிருந்தது. புளிச்சாதம் கொண்டுபோங்கள்.

இறங்கும்போது கேபிள் கார் நடுவில் சின் சுவி குகைக் கோயிலில் நிற்கும். இறங்காமல் வராதீர்கள். லிம் கோ தோங் தன் சொந்த ஊர்ச் சாமிக்குக் கட்டியது, ஒன்பது அடுக்குக் கோபுரம், மேகம் அதன் இடுப்பில் உரசிக்கொண்டு போகிறது. என் கவரில் மீதி இருந்த நூற்றறுபது வெள்ளியில் ஐந்தை அங்கே உண்டியலில் போட்டேன். அன்றைக்குக் கைவிட்டுப் போன காசில் எந்தப் போத்தோங்கும் யோசிக்காமல் போனது அது ஒன்றுதான்.

மார்க் போடச் சொன்னால் கேபிள் காருக்குப் பத்துக்கு ஒன்பது. கசினோவுக்கு, வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் எட்டு, காசு வைத்து ஆட என்றால் உங்கள் கவரைப் பொறுத்தது. வேனுக்கு இரண்டு, அதுவும் ஓட்டுநர் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டினார் என்பதற்காக.

வேன் கதை இதுதான். போகும்போதே ஏர்கோன் தண்ணீர் என் தோளில் சொட்டியது. வழியில் நாசி லெமாக் கடையில் நாற்பது நிமிஷம் நிறுத்தினார்கள். கடை ஓட்டுநரின் மச்சானுடையது என்று பிறகு தெரிந்தது. நாலு மணி என்றது ஆறரை ஆனது. கடைசியில் ராவாங் தாண்டி வேன் புகைவிட்டு நின்றேவிட்டது. இருட்டில், ரோட்டோரத்தில், பதினோரு பேர். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. அக்காமார் ஒவ்வொருவராகப் போன் வெளிச்சத்தைப் பின்பக்கம் அடித்து வேனின் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். நடுவழியில் நின்ற வண்டியின் நம்பர், அதுவும் மலையிலிருந்து இறங்கி வந்த வண்டி. இதைவிட நல்ல நம்பர் எங்கே கிடைக்கும்?

சனிக்கிழமை பசியாறிவிட்டு பஜாருக்குப் போனேன். நம்பர் கடை வரிசையில் எனக்கு முன்னால் அண்ணி, அவருக்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா. அண்ணி திரும்பிப் பார்த்து, "வெள்ளிக்கு முப்பத்தாறு காசு" என்று கண்ணடித்தார். "ஒரு வெள்ளிதான் அண்ணி" என்றேன். கவுன்டர்காரர் எங்கள் மூன்று பேர் சீட்டையும் பார்த்துவிட்டு, "ஒரே வேன்லதான் வந்தீங்களா?" என்று கேட்டார்.